பேர் யார் பேரில் இருக்கிறது?

நம் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். கல்யாணச் சீரோடு வந்த எவர்சில்வர் குடம், தூக்குவாளி, தாம்பாளம், சம்புடம் எல்லாவற்றிலும் நம் பேர் வெட்டியிருக்கும். முப்பது வருஷம் தேய்த்துக் கழுவியும் அழியாத பேர். இனி பீரோவைத் திறந்து பாருங்கள். வீட்டுப் பத்திரத்தில் மாமனார் பேர், மின்சார அட்டையில் வீட்டுக்காரர் பேர், ஸ்கூட்டர் புத்தகத்தில் மகன் பேர். அந்தக் காகிதங்களில் நம் பேர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டுதான் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டத் திருத்தம் வந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டில் வீட்டின் மூத்த பெண்மணியே குடும்பத் தலைவி என்று சொல்லிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் இதற்கு நடுவில் ஓசைப்படாமல் ஒரு புதுச் சொத்து நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அதற்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது, வேலி கிடையாது. ஆனால் அதை வைத்து வியாபாரம் செய்கிற பெண்கள் எங்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்தச் சொத்தின் பேர் டொமைன் நேம். ‘டாட் காம்’, ‘டாட் இன்’ என்று முடிகிறதே, அந்த இன்டர்நெட் விலாசம்தான்.

“இதெல்லாம் எங்களுக்கு எதற்கம்மா?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அப்பளம் போடுகிறவர்கள், நைட்டி தைக்கிறவர்கள், ஊறுகாய் அனுப்புகிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எல்லாருக்கும் வேண்டிய சமாசாரம் இது.

இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உண்மையான விலாசம் ஒரு நீளமான எண். அந்த எண்ணை மனிதர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? அதற்காக எண்ணுக்குப் பதில் பேர் வைக்கும் ஏற்பாடு 1983-இல் உருவானது. முதல் ‘டாட் காம்’ பேர் 1985 மார்ச் 15-ஆம் தேதி பதிவானது. அப்போதெல்லாம் பேர் கேட்டால் இலவசம்! 1995 செப்டம்பரிலிருந்துதான் காசு கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு நூறு டாலர். அதற்குப் பிறகு பேர் விற்கும் கம்பெனிகள் பெருகி, கட்டணம் குறைந்து, இன்றைக்கு ஒரு சாதாரணப் பட்டுப் பாவாடை விலையை விடக் குறைவான வருஷக் கட்டணத்தில் யாரும் ஒரு பேர் எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்குக் கிடைக்கும்? முதலில் கேட்டவருக்கு. அவ்வளவுதான் விதி. மதுரை பஸ் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதே கதை. துண்டு போட்டவர் யார், அவருக்கு உட்கார என்ன தகுதி என்றெல்லாம் கண்டக்டர் கேட்கமாட்டார். கேட்கும்போது பேர் காலியாக இருந்தால் போதும்.

இதில் இரண்டு விஷயங்களை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, உலகத்தில் ஒரு பேர் ஒருவருக்குத்தான். ஒரே தெருவில் மூன்று மீனாட்சி இருக்கலாம். மீனாட்சி டாட் காம் ஒன்றுதான். இரண்டாவது, இந்தப் பேரை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாது. வாடகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரு தடவையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்குக் கட்டலாம். கட்டத் தவறினால் பேர் நம் கையை விட்டுப் போய்விடும். ‘என் டொமைன்’ என்று நாம் சொல்வது, வாடகை வீட்டை ‘எங்க வீடு’ என்று சொல்வது மாதிரிதான்.

வாடகைப் பேருக்கு இத்தனை கிராக்கி எப்படி வந்தது? நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. 1995-இல் ராஜேஷ் ஜெயின் என்பவர் ‘இந்தியா வேர்ல்ட்’ என்று ஒரு இணையத் தொழில் தொடங்கினார். அதில் அவர் நடத்திய தளங்களின் பேரைக் கேளுங்கள். செய்திக்கு ‘சமாசார்’. விளையாட்டுக்கு ‘கேல்’. தேடுவதற்கு ‘கோஜ்’. சமையலுக்கு ‘பவர்ச்சி’, அதாவது சமையற்காரர். எல்லாம் வீட்டில் புழங்கும் ஹிந்தி வார்த்தைகள். வாய்க்குள் நுழையும், ஒரு தடவை கேட்டால் மறக்காது. 1999 நவம்பரில் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே என்ற கம்பெனி இந்தியா வேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. நாடே வாயைப் பிளந்தது. பேருக்காக மட்டும் கொடுத்த பணம் என்று சொல்ல முடியாது. அதைப் பார்க்க வந்த லட்சக்கணக்கான ஜனங்களுக்காகவும்தான். ஆனால் அந்த ஜனங்கள் வந்து சேர்ந்தது அந்தச் சின்னச் சின்னப் பேர்களின் வழியாகத்தானே?

அதே சத்யம் இன்ஃபோவேதான் கொஞ்ச நாளில் தன் சொந்தப் பேருக்காகக் கோர்ட் படி ஏற வேண்டி வந்தது. தங்கள் கம்பெனிப் பேரின் எழுத்துகளைச் சேர்த்து ‘சிஃபி’ என்று ஒரு புது வார்த்தை உண்டாக்கி, 1999 ஜூனில் சில டொமைன் பேர்களைப் பதிவு செய்திருந்தார்கள். 2001-இல் இன்னொரு கம்பெனி, ஒரே ஒரு எழுத்தை இரட்டித்து ஏறக்குறைய அதே உச்சரிப்பில் பேர் பதிந்துகொண்டது. “இது எங்கள் பங்குதாரர் ஐந்து பேரின் முதல் எழுத்துகள்” என்று அவர்கள் சொன்னார்கள். பெங்களூர் சிவில் கோர்ட்டு சென்னைக் கம்பெனிக்குச் சாதகமாகச் சொன்னது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

2004 மே 6-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி, நீதிபதி ரூமா பால். டொமைன் பேர் வெறும் விலாசம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, அது ஒரு வியாபாரத்தின் அடையாளம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், வர்த்தகப் பேரைக் காக்கும் சட்டமே இதற்கும் பொருந்தும் என்றது. யார் முதலில் அந்தப் பேரில் வியாபாரம் நடத்தி ஜனங்களிடம் பேர் வாங்கினார்களோ, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்லி, சென்னைக் கம்பெனியின் பேரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

தனி மனிதர்களின் கதைகள் இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் ஊஸி நிஸ்ஸான் என்று ஒருவர். நிஸ்ஸான் அவருடைய குடும்பப் பேர். 1994-இல் தன் கம்ப்யூட்டர் தொழிலுக்காக நிஸ்ஸான் டாட் காம் என்று பதிவு செய்துகொண்டார். 1999-இல் ஜப்பானியக் கார் கம்பெனி அவர் மீது வழக்குப் போட்டது. பல வருஷம் இழுத்தது. பேர் அவரிடமே நின்றது. 2020-இல் அவர் காலமாகும் வரை கார் கம்பெனியால் அதை வாங்க முடியவில்லை. பேர் அவருடைய சொந்தப் பேர், எடுத்ததும் சொந்த உபயோகத்துக்கு. அதுதான் அவருடைய பலம்.

நம் நாட்டில் அருண் ஜெயிட்லிக்கு நேர்ந்தது இதற்கு எதிர்ப்பக்கம். அவருடைய முழுப் பேரையும் சேர்த்து ‘டாட் காம்’ போட்டு வேறு யாரோ பதிந்து, விற்பனைக்கு வைத்திருந்தார்கள். 2011 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்றம், அந்தப் பேர் அவருக்கே உரியது என்று தீர்ப்புச் சொன்னது. பிரபலமானவர், வக்கீல் வேறு. கோர்ட்டுக்குப் போக முடிந்தது. நம்மைப் போன்றவர்கள்?

2024-இல் ஒரு வேடிக்கை. இரண்டு பெரிய கம்பெனிகளின் படத் தொழில்கள் இணையப் போகின்றன என்று மோப்பம் பிடித்த டில்லி இளைஞர் ஒருவர், ‘ஜியோஹாட்ஸ்டார்’ என்ற பேரை 2023-இலேயே பதிந்து வைத்திருந்தார். அதைக் கொடுக்க வேண்டுமானால் தன் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார். கம்பெனி சம்மதிக்கவில்லை. பிறகு துபாயில் இருக்கும் ஒரு அண்ணனும் தங்கையும், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவரிடமிருந்து அந்தப் பேரை வாங்கினார்கள். கடைசியில் காசு எதுவும் கேட்காமல் கம்பெனிக்கே கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். பத்திரிகைகளில் நானும் ரசித்துத்தான் படித்தேன். ஆனால் பேர் பறிபோகிற சங்கடம் நம் வீட்டு வாசலுக்கு வரும்போது ரசிக்க முடிவதில்லை.

என் நாத்தனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் மில் வேலையிலிருந்து நின்ற வருஷம், கையில் இருந்த சொற்பப் பணத்தில் ஒரு கல்லடுப்பும் ஒரு பெரிய இரும்புச் சட்டியும் வாங்கிப் பால்கோவா கிண்ட ஆரம்பித்தாள். அது அவள் மாமியார் சொல்லிக் கொடுத்த பக்குவம். பால், சர்க்கரை, விறகுத் தீ, கை ஓயாமல் கிண்டுவது. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. நாலு லிட்டர் பாலில் ஆரம்பித்தது நாற்பது லிட்டர் ஆயிற்று. துணைக்கு இரண்டு பெண்கள். கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் பார்சல் போக ஆரம்பித்தது.

வியாபாரத்துக்குப் பேர் வேண்டுமே? ஊர்ப் பேரையும் பண்டத்தின் பேரையும் சேர்த்து அவள் கேட்ட நாலைந்து டொமைன் பேர்களும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. கடைசியில் மாமியாரைத் தெருவே கூப்பிடும் செல்லப் பேரை வைத்தாள். அந்தப் பேரை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். டப்பாவில் தன் பேரைப் பார்த்துவிட்டு, “எம் பேர எதுக்குட்டீ கடைத்தெருவுல ஒட்டுத?” என்று கோபிப்பது போல் கோபித்துக்கொண்டு, டப்பாவைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாராம்.

இணையதளத்தை அமைத்துக் கொடுத்தது எங்கள் ராஜபாளையத்துப் பையன் ஒருவன். அப்போதுதான் படிப்பை முடித்திருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை. குறைந்த கூலிக்கு அழகாகச் செய்து கொடுத்தான்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் நன்றாகத்தான் நடந்தது. மாமியார் காலமாகி வருஷம் திரும்பியிருந்தது. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நாத்தனார் போன் செய்தாள்.

“மதினி, கடையக் காணோம்.”

“கடையக் காணோமா? பூட்டிட்டுத்தானே வந்த?”

“அந்தக் கடை இல்ல மதினி. போன்ல இருக்கிற கடை. பேரைப் போட்டா யாரோ எவனோ விளம்பரம் வருது.”

பெங்களூரிலிருந்து வாடிக்கையாளர்கள் “கடையை மூடிட்டீங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார்களாம். அடுத்த வாரம் முன்பின் தெரியாத ஒருவன் போன் செய்தான். “உங்க பேரு கைய விட்டுப் போயிருச்சு. நாங்க எடுத்துத் தாறோம். எழுபதாயிரம் ஆகும்” என்றான். இரண்டு பெண்களுக்குத் தீபாவளிப் போனஸ் கொடுக்க அவள் சேர்த்து வைத்திருந்த பணமே அவ்வளவு இருக்காது.

“காசு போனா சம்பாதிச்சுக்கிடலாம் மதினி. எங்க அத்தை பேரை எவனோ ஒருத்தன் விலை கூறி வித்துக்கிட்டு இருப்பானே, அதைத்தான் தாங்க முடியல” என்று அழுதாள்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பதிவுக் குறிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு, “அம்மா, பேரு இன்னும் போகலை. அந்த ஆளை நம்பாதீங்க” என்றாள். அவள் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், பலருக்கு உபயோகப்படும்.

‘டாட் காம்’ பேருக்கு வருஷக் கெடு முடிந்ததும் உடனே பறிபோய்விடாது. தளம் நின்றுவிடும், ஆனால் கம்பெனியைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை பழைய கட்டணத்திலேயே புதுப்பித்துக்கொள்ள இடம் உண்டு. அதற்கப்புறம் 30 நாள் மீட்புக் காலம். அடகு நகையை மூழ்குவதற்கு முன் மீட்கிற மாதிரி, கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் தப்பினால் ஐந்து நாள் கழித்துப் பேர் பொதுவில் விழும். விழுந்த நொடியிலேயே பிடிப்பதற்கென்று கம்ப்யூட்டர்களை ஓட விட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பேர்கள் நமக்குத் திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

நாத்தனாருடைய பேர் மீட்புக் காலத்தில் இருந்தது. ஆனால் மீட்பதற்கு அவளுக்கு அதிகாரம் இல்லை! பேர் பதிவானது அந்தப் பையனுடைய பேரில். பணம் கட்டச் சொல்லி வந்த ஞாபகக் கடிதங்கள் எல்லாம் அவனுடைய பழைய மெயிலுக்குப் போயிருக்கின்றன. அவனோ வெளிநாடு போய்விட்டான். பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. பால் வாங்கியது இவள், அடுப்பில் வெந்தது இவள், உணவுப் பாதுகாப்புப் பதிவு இவள் பேரில், டப்பாவில் இவள் மாமியார் பேர். ஆனால் இன்டர்நெட் கணக்குப்படி இவள் யாரோ!

நானும் அவளும் ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருக்களில் விசாரித்து விசாரித்துப் பையனுடைய அம்மாவைக் கண்டுபிடித்தோம். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் பதறிப் போனார். “உட்காருங்கம்மா, மோர் குடிங்க. அவன் ராத்திரி பேசுவான், நான் சொல்லுதேன்” என்றார். அன்று ராத்திரி பத்து மணிக்குப் பையன் கூப்பிட்டான்.

“அக்கா, அப்ப உங்ககிட்ட மெயிலே கிடையாதே. அதான் என் மெயிலைப் போட்டேன். அப்புறம் மாத்தணும்னு நெனச்சேன், வேலை கிடைச்சுப் போயிட்டேன்” என்றான். அவன் மனதில் கள்ளம் இல்லை. மறுநாளே மீட்புக் கட்டணத்தைக் கட்டினான். வருஷ வாடகையைப் போலப் பல மடங்கு அது. நாத்தனார் அவனுக்கு அனுப்பி வைத்தாள். கெடு முடிய ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே கம்பெனியில் புதுக் கணக்குத் திறந்து, பேரை அதற்கு மாற்ற வேண்டும். என் தம்பி முறையாகும் அவள் வீட்டுக்காரர், நல்ல மனுஷர்தான், “என் பேர்லயே போட்டிருங்க. பேங்க்குக்கெல்லாம் நான்தானே போறேன், சௌகரியமா இருக்கும்” என்றார். நாத்தனார் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “பாத்திரத்துல மட்டும் என் பேரு இருந்தாப் போதுமா? இது என் பேர்ல இருக்கட்டும். பேங்க்குக்கு நானும் வாரேன்.” அவர் சிரித்துவிட்டார். பேர் அவள் பேரில் பதிவாயிற்று. அவளுக்கு மெயில் எப்படித் திறப்பது என்று என் மகள் போனிலேயே சொல்லிக் கொடுத்தாள். தீபாவளிப் பார்சல் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் பேர் என்றாலே முந்திக்கொண்டு பதிந்துவிட வேண்டியதுதானா? இங்கேதான் ஒரு பேதம் இருக்கிறது. ஒருத்தி பாடுபட்டு உண்டாக்கிய பேர் அவளுடையது. ஊர் பாடுபட்டு உண்டாக்கிய பேர்?

ஸ்பெயின் தேசத்தில் ஒருவர் 1996-இல் பார்சிலோனா டாட் காம் என்ற பேரைத் தன் மனைவியின் பேரில் பதிவு செய்தார். (கவனித்தீர்களா, மனைவி பேரில்!) ஊர் நகரசபை “அது எங்கள் ஊர்ப் பேர், கொடு” என்று கேட்டது. முதலில் நடுவர் ஊருக்கே கொடுக்கச் சொன்னார். ஆனால் 2003-இல் அமெரிக்க மேல் கோர்ட்டு, வெறும் ஊர்ப் பேருக்கு யாரும் வர்த்தக உரிமை கொண்டாட முடியாது என்று சொல்லிவிட்டது. டொமைன் உலகத்தில் ஊர்ப் பேரும் துண்டு போட்ட ஸீட்டுதான்.

நம் நாட்டில் இதற்கு வேறு விதமாக ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் என்று 1999-இல் இயற்றி, 2003 செப்டம்பர் 15-ஆம் தேதி முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். அதன் பதிவு அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. ஒரு மண்ணின் தண்ணீராலும் பக்குவத்தாலும் பேர் வாங்கிய பொருளுக்கு அந்த ஊர்ப் பேர் சொந்தம். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அந்தக் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓரிடம் சொல்கிறேன். இந்தக் குறியீட்டை யாரும் விற்க முடியாது. அடகு வைக்க முடியாது. வேறு ஒருவருக்கு மாற்றி எழுதவும் முடியாது. அந்த ஊரில் முறைப்படி அந்தப் பண்டத்தைச் செய்கிற ஒவ்வொருவரும், பெரிய கடைக்காரரானாலும் என் நாத்தனாரைப் போல வீட்டில் கிண்டுகிறவளானாலும், அங்கீகாரம் பெற்ற உபயோகிப்பாளராகத் தன் பேரைப் பதிவு செய்துகொள்ளலாம். டொமைன் பேர் ஒருத்தர் உட்காரும் ஸீட்டு என்றால், இது ஊர்ப் பொதுக் கிணறு. ஆளுக்கு ஒரு வாளி இறைத்துக்கொள்ளலாம். கிணற்றை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

எங்கள் ராஜபாளையத்துப் பேரும் அப்படித்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறது. வெள்ளை வெளேர் என்று, மூக்கு மட்டும் ரோஜா நிறத்தில் இருக்குமே, அந்த நாய்க்கு 2005-இல் தபால்தலையே வெளியிட்டார்கள். எங்கேயோ பிறந்த வெள்ளைக் குட்டியையெல்லாம் ‘ராஜபாளையம்’ என்று சொல்லி விற்கிறார்கள். பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

ஆகவே, சகோதரிகளே, கைத்தொழில் செய்கிறவர்களும் செய்யப் போகிறவர்களும் சில காரியங்களைக் கவனித்துச் செய்யுங்கள்.

முதலாவது, பேரைப் பதியும்போது உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பேர், உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர். யார் செய்து கொடுத்தாலும் சரி, மகன் செய்து கொடுத்தாலும் சரி. கணக்கின் ரகசியச் சொல்லை நகைச் சீட்டு வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, முடிந்தால் மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள். கெடு தேதியை அந்த வருஷத்துத் தினசரிக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, பேரை வேறு இடத்துக்கு மாற்றவிடாமல் பூட்டி வைக்கும் வசதி உண்டு. அதைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

நாலாவது, வியாபாரம் சூடு பிடித்தால் அந்தப் பேரை டிரேட் மார்க்காகவும் பதிவு செய்யுங்கள். தனி நபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் இணையம் வழியாக விண்ணப்பிக்கக் கட்டணச் சலுகை இருக்கிறது. பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நாளைக்கு யாராவது உங்கள் பேரைக் குறி வைத்துப் பதிந்தால், அந்தச் சான்றுதான் கை கொடுக்கும். ‘டாட் காம்’ பேர்த் தகராறுகளுக்கு 1999-இல் உலக அளவில் ஒரு நடுவர் முறை ஏற்பட்டது. நம் ‘டாட் இன்’ பேர்களுக்கும் தனி நடுவர் முறை இருக்கிறது. பேர் உங்கள் பேரைப் போலவே இருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு எடுத்திருக்கிறார் என்று மூன்றையும் காட்ட வேண்டும்.

அதே காரணத்தால், பிறத்தியார் பேரைப் பதிந்து வைத்து லட்சம் சம்பாதிக்கலாம் என்று உங்கள் பிள்ளைகள் யாராவது புறப்பட்டால் காதைப் பிடித்து நிறுத்துங்கள். கேம்பிரிட்ஜ் கனவு எல்லாருக்கும் பலிக்காது. அந்த இளைஞர் கேட்டதற்கும் கம்பெனி சம்மதிக்கவில்லை.

இன்னொரு சந்தோஷ சமாசாரம். பேரை இங்கிலீஷ் எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. தமிழ் எழுத்திலேயே எழுதி ‘.இந்தியா’ என்று முடியும் பேர்களும் உண்டு. நம் பாட்டிமார் பேரை அவர்கள் படித்த எழுத்திலேயே போடலாம்.

வீட்டில் யாரிடமாவது போனைக் கொடுத்து, உங்கள் தொழிலுக்கு எடுத்த பேர் யார் பேரில் இருக்கிறது, எந்தத் தேதியோடு முடிகிறது என்று இன்றைக்கே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வேறு யார் பேராவது இருந்தால் சண்டை போட வேண்டியதில்லை. காப்பி கொடுத்து உட்கார வைத்து, அப்போதே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.